சாய்வுள்ள அகராதி

வலை மடியில் விழுந்து ஏலத்தில் விழாத மீனுக்கு ராமேஸ்வரம் பக்கம் சங்காயம் என்று பெயர். வடக்கே வரவர அது கழிசல் ஆகிவிடும். எந்தெந்த மீன் கழிசல் என்று கேட்டுப் பாருங்கள், ஒருவரும் பட்டியல் தரமாட்டார்கள். தரவும் முடியாது. விலை போனால் மீன், போகாவிட்டால் கழிசல், அவ்வளவுதான் இலக்கணம். கேரளத்தில் ஒரு காலத்தில் இறாலையே தென்னைக்கு உரமாகப் போட்டார்கள். வெளிநாட்டுக்காரன் வாங்கத் தொடங்கிய பிறகு அதே இறால் எத்தனையோ பேரைப் படகு முதலாளி ஆக்கியது. இன்றைக்குக் கோழித்தீவனக்காரர்கள் காய்ந்த கழிசலைக் காசு கொடுத்து அள்ளிப் போகிறார்கள். அதற்காகவே மடியின் கண்ணைச் சிறிதாக்கி இழுப்பதும் நடக்கிறது. காசு வந்த பிறகும் பெயர் மட்டும் கழிசலாகவே நிற்கிறது. ஏலக்கரையில் என்றைக்கோ ஒருவன் மூக்கைச் சுளித்த சுளிப்பு அந்தச் சொல்லுக்குள் இன்னும் இருக்கிறது.

அகராதிக்காரர் இதற்கு ‘விலை குறைந்த சிறுமீன் வகை’ என்று பொருள் எழுதுவார். பிழை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சுளிப்பு போய்விடும். சுளிப்பையும் சேர்த்து எழுதியவர்கள் சிலர் உண்டு. 1755இல் தன் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், ஓட்ஸ் என்ற தானியத்துக்குப் பொருள் எழுதும்போது, இங்கிலாந்தில் குதிரைக்குப் போடுவதை ஸ்காட்லாந்தில் மனிதர்கள் உண்கிறார்கள் என்கிற தோரணையில் ஒரு குத்து வைத்தார். ஸ்காட்லாந்துக்காரர்கள் இன்னும் அதை மறக்கவில்லை. நம்மிடம் கி. ராஜநாராயணன் 1982இல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தார். கரிசல் சொல் ஒன்றைச் சொல்லிவிட்டு, அதன் பின்னாலேயே ஒரு வம்பையும் ஒரு பழமொழியையும் அனுப்பிவைக்கிற புத்தகம் அது. பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வட்டாரத்துக்குச் செய்தார், அ.கா. பெருமாள் நாஞ்சில் நாட்டுக்குச் செய்தார். வட கரைக்கும் அப்படி ஒன்று வேண்டும். செய்கிறவர் தயவுசெய்து நடுநிலையோடு செய்யாமல் இருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. அபிப்பிராயத்தோடு எழுதப்பட்ட பொருள் விளக்கத்தை நம்பலாம் என்பது என் கட்சி. பேசுகிறவன் எங்கே நின்றுகொண்டு பேசுகிறான் என்பது அதில் தெரிந்துவிடும். நாம் தள்ளுபடி போட்டுக்கொள்ளலாம். அபிப்பிராயமே இல்லாத மாதிரி எழுதப்பட்டதைத்தான் இரண்டு தரம் படிக்க வேண்டும். நான் சொல்கிற வட கரை, சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியிலிருந்து பழவேற்காடு வரைக்கும் இருபது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஒருபக்கம் வங்காள விரிகுடா, இன்னொரு பக்கம் பக்கிங்காம் கால்வாயும் கழியும். தெற்கே கொசஸ்தலை ஆறு கடலைத் தொடுகிற எண்ணூர்க் கழிமுகம், வடக்கே ஆந்திரத்துக்குள் நீண்டுபோகிற பழவேற்காடு ஏரி. இந்தத் துண்டுக் கரையில் மூன்று கூட்டம் மூன்று அகராதியோடு திரிகிறது: மீன் பிடிக்கிறவர்கள், பறவை பார்க்கிறவர்கள், கோப்பு எழுதுகிறவர்கள்.

முதலில் என் கூட்டத்தை விசாரித்துவிடுகிறேன். பனிக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் இருட்டோடு கிளம்பி அண்ணாமலைச்சேரிப் பக்கம் போய், கழுத்தில் தொலைநோக்கியும் காலில் சேறுமாக நிற்கிற கூட்டம். எங்கள் பேச்சு வெளியாளுக்குப் புரியாது. ‘லைஃபர்’ என்றால் ஒருவர் தன் வாழ்நாளில் முதன்முறையாகப் பார்க்கிற பறவை. பறவையைப் பற்றிய சொல் மாதிரி தோன்றும். உண்மையில் பார்த்தவரின் கணக்குப் புத்தகத்தைப் பற்றியது. அதே பறவை பக்கத்தில் நிற்பவருக்கு நூறாவது தடவையாக இருக்கும், அவர் கொட்டாவி விடுவார். ‘டிப்’ என்றால் ஒரு பறவைக்காகவே போய் அது இல்லாமல் திரும்புவது. முந்தின நாள் வரை இருந்தது என்று நாலு பேராவது உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், அப்போதுதான் அது முறையான டிப். ‘ட்விச்சர்’ என்பவர் அரிய பறவை வந்திருப்பதாகக் கேள்விப்பட்டவுடன் அலுவலகத்துக்குப் பொய் சொல்லிவிட்டு ஓடுகிறவர். பிரிட்டனில் அது பாதி வசவு. இங்கே சிலர் சட்டையில் குத்திக்கொள்ளாத குறை. இவற்றில் எனக்குப் பிடித்தது ‘எல்.பி.ஜே.’ அடையாளம் சொல்ல முடியாத சின்னஞ்சிறு பழுப்புப் பறவைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த ஆங்கிலக் கிண்டல் அது. தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளாமலே தெரியவில்லை என்று சொல்லிவிடுகிற வசதி.

தமிழில் அதற்கு எப்போதோ சொல் இருக்கிறது. சேற்றில் குடுகுடுவென்று ஓடி மூக்கால் குத்திக்குத்தித் தின்கிற கரைப்பறவைகள் அத்தனைக்கும் உள்ளான் என்று பெயர். சைபீரியாவிலிருந்து வருவதும் உள்ளான், திபெத்திலிருந்து வருவதும் உள்ளான். புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு, காலின் நிறம் மஞ்சளா கருப்பா என்று இரண்டு பேர் அடித்துக்கொள்ளும்போது பக்கத்தில் வலை அலசிக்கொண்டிருப்பவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

“அது இன்னாண்ணா பறவை?”

“உள்ளான் சார்.”

“அதுக்குப் பக்கத்துல நிக்கறது?”

“அதுவும் உள்ளான்தான். கொஞ்சம் சின்ன உள்ளான்.”

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் உள்ளான் என்கிற சொல்லின் வரலாற்றையும் நினைத்துப் பார்க்கலாம். சுட்டும் கண்ணி வைத்தும் பிடித்து, கறிக்கு விற்ற பறவைகள் இவை. வாங்குகிறவனுக்குக் காலின் நிறம் தேவைப்படவில்லை. கொழுப்பு இருக்கிறதா என்பது போதும். சொல்லின் எல்லை உபயோகத்தின் எல்லை. ஆனாலும் அந்த எல்லைக்குள்ளேயே ‘கொசு உள்ளான்’ என்று யாரோ ஒருத்தர் பெயர் வைத்துப் போயிருக்கிறார். அந்தக் கூட்டத்திலேயே மிகச் சிறியதற்கு இதைவிட நல்ல பெயர் எந்தக் கையேட்டிலும் கிடையாது. பறவைக்காரர்கள் மேல் எனக்கிருக்கிற குறை வேறு. எங்கள் சொற்கள் எல்லாம் எங்களையே அளக்கின்றன. எத்தனை பார்த்தோம், எதைத் தவறவிட்டோம், யார் முதலில். ஏரிக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல எங்களிடம் ஒரு கொச்சைச் சொல்லும் இல்லை. பூநாரை வரவில்லை என்றால் டிப். முகத்துவாரம் மணல் மூடி ஏரியில் உப்புநீர் ஏறாமல் போனதற்குச் சொல் வேண்டும் என்றால் வலை அலசுகிறவரிடம்தான் போக வேண்டும்.

அவரிடம் போனால் பாடு என்கிற சொல் கிடைக்கும்.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் இந்தச் சொல்லுக்கு எதிரே பொருள்கள் வரிசைகட்டி நிற்கின்றன. நிகழ்ச்சி, முறை, உழைப்பு, வருத்தம், பக்கம், இடம், உறக்கம் என்று போகும். பழவேற்காட்டில் உறக்கத்தைத் தவிர மற்றதெல்லாம் ஒரே நாளில் நடந்துவிடும். கடலிலிருந்து வந்தவரிடம் மீன்பாடு எப்படி என்றால் கிடைத்த மீனின் அளவு. பாடு என்று மட்டும் சொன்னால் ஏரியில் குறிப்பிட்ட இடத்தில் வலை கட்டும் உரிமை. என் பாடு பெரும்பாடு என்றால் விளக்கம் வேண்டாம். மீன் கிடைப்பதும், கிடைக்கிற இடமும், கிடைப்பதற்காகப் படுகிற துன்பமும் ஒரே சொல்லில் உட்கார்ந்திருப்பதை மொழியின் விபத்து என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

உரிமையாகிய பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டத்தில், வற்றம் இறங்கும்போது ஏரியிலிருந்து கடலுக்குத் திரும்புகிற இறால் கூட்டம் வரும். கழி நட்டு வலை கட்டி நின்றால் அள்ளலாம். அள்ளத் தகுந்த இடங்கள் சில மட்டும்தான். எல்லோரும் இறங்கினால் வலையோடு வலை சிக்கும், பிறகு மனிதனோடு மனிதன் சிக்குவான். அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் என்கிற மூன்று ஊர்க்காரர்கள் முறை வைத்துக்கொண்டார்கள். இன்ன நாள் இன்ன ஊருக்கு, ஊருக்குள் சீட்டுப் போட்டு இன்ன இடம் இன்னாருக்கு. நல்ல இடம் இன்று எனக்கு வந்தால் இன்னொரு நாள் உனக்கு. கொச்சிக் கழிமுகத்திலும் இதே மாதிரி முறை உண்டு, அங்கேயும் அதற்குப் பாடு என்றே பெயர். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பில் சிங்களம் பேசுகிற கத்தோலிக்க மீனவர்களும் கட்டுவலைப் பாட்டுக்குச் சீட்டுப் போடுகிறார்கள். மூன்று மொழி, மூன்று கடற்கரை, ஒரே சொல். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இதற்குச் ‘சமூகம் சார்ந்த வள மேலாண்மை’ என்று பெயர். அதைப் படிக்கும்போது ஏதோ பயிற்சி முகாமுக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தது போலத் தோன்றும்.

இந்த இடத்தில் ஒரு சிறுபத்திரிகைக் கட்டுரை வழக்கமாகக் கண்ணீர் மல்க வேண்டும்: மக்களின் ஞானம், பகிர்ந்துண்ணும் மரபு. மல்கவில்லை. பாடு என்கிற சொல்லுக்குள் நுழைவதற்கு வாசலில் இன்னொரு சொல் காவல் நிற்கிறது. தலைக்கட்டு. அந்த ஊரில், அந்தச் சாதியில், பட்டினவராகப் பிறந்து, கல்யாணம் ஆன ஆண் ஒரு தலைக்கட்டு. வரி அவன் கணக்கில், பங்கு அவன் கணக்கில், சீட்டில் பெயர் அவனுடையது. மீனைக் கூடையில் சுமந்து மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் விற்கப் போகிற பெண்ணுக்கு இந்தக் கணக்கில் தலை கிடையாது. மற்றக் குப்பத்துக்காரர்கள் எங்களுக்கும் பாடு வேண்டும் என்று கேட்டபோதெல்லாம் ஏரியில் சச்சரவு வந்திருக்கிறது. பங்கிடுவதற்கு மிக நேர்த்தியான ஏற்பாடு பாடு. யாருக்கெல்லாம் பங்கில்லை என்பதையும் அதே நேர்த்தியோடு சொல்லிவிடுகிறது.

இடுப்பளவு நீரில் குனிந்து நடந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண்களை எண்ணூர்க் கழியிலும் பழவேற்காட்டிலும் பார்க்கலாம். வலை கிடையாது, படகு கிடையாது. பனையோலையில் முடைந்த ஒரு பை, அதன் பெயர் பறி. அதைப் பல்லில் கடித்துப் பிடித்திருப்பார்கள், இரண்டு கையும் நீருக்குள் இருக்க வேண்டும் என்பதால். சங்கப் பாட்டில் வருகிற அதே பறிதான். இவ்வளவு பழைய சொல்லை, பழைய தொழிலை, பல்லில் கடித்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பாடும் இல்லை, தலைக்கட்டும் இல்லை. நான் எழுதுகிற அகராதியாக இருந்தால் பறி என்பதற்குப் பக்கத்தில் இப்படிப் போடுவேன்: வாயை மூடிக்கொண்டு செய்ய வேண்டிய தொழிலின் கருவி.

கொச்சைச் சொல் என்றால் ஏழைச் சொல், அதனாலேயே நியாயமான சொல் என்று நினைத்துக்கொள்ளக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும். படகு ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். வைத்திருப்பவர் விசைப்படகு என்பார். சிறுதொழில்காரர் லாஞ்சு என்பார், சொல்லும்போதே வாய் கோணும். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் போனால், யாழ்ப்பாணத்து மீனவருக்கு அது றோலர். இந்தியாவிலிருந்து வந்து வலையை அறுத்துக்கொண்டு போவது என்கிற முழு வழக்கும் அந்த ஒரு றகரத்தில் இருக்கிறது. படகு மூன்று பேருக்கும் ஒன்றுதான்.

காற்றுக்கும் அப்படியே. வானொலியில் மணிக்கு இத்தனை முதல் இத்தனை கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசக்கூடும் என்பார்கள். எந்தக் காற்று? வாடையா, கொண்டலா, கச்சானா? வடக்கிலிருந்து வருவது வேறு, கிழக்கிலிருந்து கடல்மேல் ஏறிவருவது வேறு, மேற்கே தரையிலிருந்து படகைக் கரையைவிட்டுத் தள்ளுகிறது வேறு. வேகம் மூன்றுக்கும் ஒன்றாக இருக்கலாம், வீடு திரும்புவது ஒன்றாக இருக்காது.

இனி வசவுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் நிலம் அளக்கிற அலுவலகத்திலிருந்து நேராகத் தெருச்சண்டைக்கு வந்த சொல் ஒன்று உண்டென்றால் அது புறம்போக்கு. தீர்வைக்கு வெளியே போக்கிவிட்ட நிலம் என்பது அதன் பிறப்பு. மேய்ச்சலுக்கு விட்டது, சுடுகாட்டுக்கு விட்டது, ஏரிக்கும் ஓடைக்கும் விட்டது. ஒருவர் பெயரிலும் பட்டா இல்லை. அதனால் எல்லோரும் மாடு கட்டலாம், மீன் காய வைக்கலாம், வலை விரிக்கலாம். கடற்கரைக் குப்பத்தில் வலை உலர்த்துகிற மணல், படகு ஏற்றுகிற திடல், திருவிழாவுக்குப் பந்தல் போடுகிற வெளி பெரும்பாலும் புறம்போக்குதான். அதையே மனிதனை நோக்கித் திருப்பி ‘போடா புறம்போக்கு’ என்றால், ஒருவருக்கும் சொந்தமில்லாதவன், உதவாதவன். தீர்வை கட்டாத நிலம் உதவாத நிலம் என்று முதலில் நினைத்தவன் வரி வசூலித்தவன். அந்த நினைப்பு தெருவில் இருப்பவன் வாய்க்கு எப்படி வந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. தன் காலடியில் இருக்கிற பொதுநிலத்தின் பெயரையே எடுத்து எதிரி மேல் எறிகிறோம்.

2017 ஜனவரியில், கபேர் வாசுகி சென்னைத் தமிழில் எழுதிய புறம்போக்குப் பாடலை டி.எம். கிருஷ்ணா கர்நாடக ராகங்களில் பாடினார். படமெடுத்த இடம் எண்ணூர்: சாம்பல் படிந்த கழி, பின்னால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், சேற்றில் உட்கார்ந்து பாடுகிற வித்வான். ராகமாலிகைக்குள் சென்னைப் பேச்சு நுழைந்துவிட்டதே என்று சிலருக்கு வயிற்றெரிச்சல். எனக்கு அந்தப் பாட்டு ஓர் அகராதிப் பதிவாகத்தான் கேட்கிறது. ஒரு சொல், அதன் பழைய பொருள், அது கெட்டுப்போன வழி, இனி எப்படி ஆள வேண்டும் என்று பாடுகிறவரின் அபிப்பிராயம். தமிழ் லெக்சிகன் பல்லாண்டு உழைத்தும் செய்யாத காரியத்தை, அதாவது ஒரு சொல்லை வசவிலிருந்து இறக்கிவிடுகிற காரியத்தை, அது சில நிமிடங்களில் செய்து பார்த்தது. வெற்றி என்று சொல்லமாட்டேன். சண்டையில் இன்னும் அந்தச் சொல் பறக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைக் கேட்ட பிறகு அந்த வசவைச் சொல்லும்போது நாக்கு ஒரு கணம் தயங்குகிறவர்கள் சிலராவது இருக்கிறார்கள்.

மூன்றாவது கூட்டத்தின் அகராதி அச்சிட்டு வருவது. இலக்கம் போட்ட பத்திகள், பின்னிணைப்பில் வரைபடம். அதில் வசவு கிடையாது, சிரிப்பு கிடையாது, ஆள் கிடையாது. செய்வினை என்பதே அநேகமாகக் கிடையாது, எல்லாம் ‘மேற்கொள்ளப்படும்’. காட்டுப்பள்ளித் துறைமுகம் எல் அண்ட் டி நிறுவனம் கட்டி 2013இல் இயங்கத் தொடங்கியது, 2018இல் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. அதை 6,110 ஏக்கருக்கு விரிவாக்க ஒரு திட்டம் முன்வைக்கப்பட்டது. அந்த ஏக்கர்களில் ஒரு பெரும் பகுதி இன்னும் கடலாக இருக்கிறது. மணலைக் கொட்டி மேடாக்க வேண்டும். இதற்கு ‘நிலமீட்பு’ என்று பெயர். மீட்பது என்றால் பறிபோனதைத் திரும்ப எடுப்பது. சீதையை மீட்டார்கள், அடகுவைத்த நகையை மீட்கிறோம். கடல் எப்போது யாரிடமிருந்து இந்த இடத்தைத் திருடியது? அங்கே மீன் பிடிக்கிறவரைக் கேட்டால் இதற்குக் கடலைத் தூர்ப்பது என்பார். கிணற்றைத் தூர்ப்பது என்கிறோமே, அந்தத் தூர்ப்பது. எந்தச் சொல் சாய்வுள்ளது, எது நடுநிலையானது என்று நீங்களே பாருங்கள்.

கருத்துக்கேட்பு என்று ஒரு சொல் உண்டு. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 2006ஆம் ஆண்டு அறிவிக்கை இதைக் கட்டாயமாக்குகிறது. பெரிய பந்தல், பெரிய மேடை, ஏகப்பட்ட போலீஸ். கேட்பது என்பதற்குத் தமிழில் இரண்டு பொருள்: காதால் கேட்பது, பதில் வேண்டிக் கேட்பது. பந்தலுக்குள் இருப்பவர்கள் இரண்டாவதை எதிர்பார்த்து வருகிறார்கள், மேடையில் இருப்பவர்கள் முதலாவதோடு எழுந்துபோகிறார்கள். காட்டுப்பள்ளி விரிவாக்கத்துக்கு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் தேதி குறித்தார்கள். மீனவர்களின் எதிர்ப்புக்கு நடுவே இரண்டு தரமும் தள்ளிவைத்தார்கள். தள்ளிவைப்பு என்பதற்கும் ஒரு பொருள் எழுதலாம்: கைவிடப்பட்டதா என்று கேட்டால் இல்லை என்று சொல்ல வசதியானது.

கசிவு. இதைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. குழாய்ப் பூட்டில் சொட்டுகிறதே அது கசிவு. ஓட்டு வீட்டில் மழைநாளில் சுவரோரம் ஈரம் படிகிறதே அது கசிவு. 2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. பெரிதாக ஒன்றுமில்லை என்றுதான் முதலில் பேச்சு. பிறகு கரை நெடுகத் தார்போல எண்ணெய் ஒதுங்கியது. மீனவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் கடலோரக் காவல்படையும் வாளியால் அள்ளினார்கள். நாட்கணக்கில் அள்ளினார்கள். செய்தித்தாள் தலைப்பு: எண்ணெய்க் கசிவு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் எண்ணூர்க் கழிக்குள் இறங்கி, வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கோடு போட்டு, படகையும் வலையையும் கருப்பாக்கியது. அதற்கும் கசிவு. வாளியில் அள்ளுகிற அளவுக்கு வந்தால் அது எந்தத் தமிழில் கசிவு? குப்பத்தில் ‘ஆயில் வந்துச்சி’ என்றார்கள். வெள்ளம் வந்தது, புயல் வந்தது, ஆயில் வந்தது. அந்த வினைச்சொல் சரியாக இருக்கிறது.

ஒரு சொல்லில் மட்டும் கோப்பு எழுதுகிறவரும் மீன் பிடிக்கிறவரும் ஒத்துப்போகிறார்கள். தூண்டில் வளைவு. கடல் அரிப்பைத் தடுக்கக் கல்லைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டிக் கட்டுகிற சுவர், நுனியில் தூண்டில் முள்போல வளைந்திருக்கும். சட்டமன்றத்திலும் அதே சொல், ஊர்க்கூட்டத்து மனுவிலும் அதே சொல். அழகான பெயர்தான், யார் வைத்தாரோ. ஆனால் எதைப் பிடிக்கிற தூண்டில் அது? சென்னைக் கரையில் ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே ஏதாவது நீட்டினால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் அரிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்தைக் கட்டினார்கள். தெற்கே மெரினா அகன்றுகொண்டே போனது, வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை தெருத்தெருவாகக் கடலுக்குள் போனது. சுண்டல் தின்றுகொண்டு மெரினாவில் காற்று வாங்குகிற நமக்கு, காலின் கீழே இருப்பதில் ஒரு பங்கு வட சென்னைக்குப் போய்ச் சேர வேண்டிய மணல் என்று ஒருவரும் சொல்வதில்லை. அதற்கு வடக்கே 2001இல் எண்ணூர்த் துறைமுகம், அதை ஒட்டிக் காட்டுப்பள்ளி, அதற்கும் வடக்கே பழவேற்காட்டுக் குப்பங்கள். ஒவ்வொரு ஊரும் தனக்கு ஒரு தூண்டில் வளைவு கேட்கிறது, கேட்காமல் என்ன செய்யும். என் அகராதியில் தூண்டில் வளைவு: பக்கத்து ஊரின் மணலைப் பிடிக்கும் தூண்டில்.

மிச்சம் இருப்பது ஊர்ப்பெயர்கள். 1613இல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வியாபாரத்துக்கு இதுதான் மையம். இங்கிருந்து துணி கிழக்கே போனது. துணியோடு ஊர்ப்பெயரும் போனது. கோட்டை இடிந்து புதர் மண்டிவிட்டது, கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பூட்டுக்குள் இருக்கிறது. ஆனால் மலேசியாவில் இன்றைக்கும் கட்டம் போட்ட கைலிக்குக் ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். கோலாலம்பூரில் சாயங்காலம் குளித்துவிட்டு அதை உடுத்திக்கொண்டு தொழுகைக்குப் போகிறவருக்கு அது ஓர் ஊர் என்று தெரிய வேண்டிய அவசியமில்லை. நம் ஊர்க் கடைகளிலும் பாலையக்காட்டுக் கைலி என்று கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. பாலக்காட்டில் நெய்தது என்று அவர்களில் பாதிப் பேர் நினைத்திருப்பார்கள்.

காட்டுப்பள்ளி இப்போது அந்தப் பயணத்தைத் தொடங்கியிருக்கிறது. கப்பல் கட்டும் தளத்துக்கும் துறைமுகத்துக்கும் வேண்டும் என்று கடலோரத்திலிருந்த காட்டுப்பள்ளிக் குப்பத்தை இடம் மாற்றினார்கள். ‘மறுகுடியமர்வு’ என்று அதற்குப் பெயர். குடி அமர்வதை நாமே செய்கிறோம், மறுகுடியமர்வை யாரோ நமக்குச் செய்கிறார்கள். ஆட்கள் போய்விட்டார்கள், பெயர் துறைமுகத்திடம் தங்கிவிட்டது. சிங்கப்பூரிலும் கொழும்பிலும் கப்பல் அட்டவணை பார்க்கிற குமாஸ்தாவுக்குக் காட்டுப்பள்ளி என்றால் சரக்குப் பெட்டி இறங்குகிற இடம். சுங்கத் தாள்களில் முழுப் பெயரும்கூட வேண்டியதில்லை, ஐ.என்.கே.ஏ.டி. என்ற எழுத்துகள் போதும். மீஞ்சூரில் நின்று காட்டுப்பள்ளிக்கு வண்டி கேட்டால், நாலு கண்டெய்னர் லாரிகள் கடந்துபோகிற சத்தம் அடங்கியபின், ஷேர் ஆட்டோக்காரர் திருப்பிக் கேட்கிறார்: “போர்ட்டா, ஊரா?” ஊர் என்றால் தனிக் காசு.